பிடியரிசிக் கோடு

நாலாவது பிள்ளையும் அதே கதையைத்தான் சொன்னாள். கையைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் வழிகிற வியர்வையைத் துடைக்கவும் பயந்துகொண்டு, நினைவு மலரில் அச்சடித்திருக்கிற வரிகளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். "பிடியரிசியில் கைவைத்த ஒரு பெண்மணியைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்று காலனியே கொதித்தபோது, திருமலையப்பன் சார் கைகூப்பி எழுந்து, எடுத்தது நீ இல்லை அம்மா, உன் பசி என்றார். குழல்வாய்மொழி டீச்சர் அந்தப் பெண்மணியின் மடியில் ஒரு படி அரிசி போட்டு அனுப்பிவைத்தார்." சுடலைமுத்து அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். பன்னிரண்டு வருஷமாக இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றுகிறார், மனிதருக்கு அலுக்கவே அலுக்காது. வடிவு தலையை ஆட்டினாள். ஆட்டத்தான் வேண்டும், சாருக்கும் டீச்சருக்கும் ஒரே மகள், அவள் ஆட்டாவிட்டால் வேறு யார் ஆட்டுவது? முதுகுக்குப் பின்னால் சுவரில் அப்பாவும் அம்மாவும் மாலை போட்டுக்கொண்டு படமாகத் தொங்கினார்கள். நல்லவேளை, நாற்காலியை இப்படிப் போட்டார்கள், முகத்துக்கு நேரே இல்லை. ஆனால் முதுகு கூசுகிறது. ஆலை மூடி, சங்கு ஊதுவது நின்று, பாதி வீடு பூட்டிக் கிடக்கிற இந்தக் காலனியில் இன்றைக்கும் ஒழுங்காக நடக்கிற காரியம் இது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு பெண்பிள்ளை. கல்லூரி முடிக்கிறவரை எல்லாச் செலவும் திருமலையப்பன் - குழல்வாய்மொழி நினைவு உதவித்தொகையில். அண்ணாச்சி, ஓய்வு பெற்ற பேராசிரியர் ஜெபராஜ், வடிவு, மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான். ஒருத்தர் மாட்டேன் என்றால் அந்தப் பிள்ளைக்கு இல்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: சார், டீச்சர் வாழ்க்கையிலேர்ந்து ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. மலரில் பதினேழு சம்பவம் இருக்கிறது. பதினேழில் இந்த ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். படிக்கிறபோதே கண்ணீர் வரும்படி எழுதிவைத்தால் வேறு எதை எடுப்பார்கள், பாவம்.

ஏழாவது ஃபைலை அவள் காலையிலேயே பார்த்துவிட்டாள். செ. தர்ஷினி. தந்தை இல்லை. தாய் மாரிக்கனி, தொழில் பீடி சுற்றுதல். முதலில், சே, இந்தச் சீமையில் கல்லைத் தூக்கினால் ஒரு மாரிக்கனி, அதிலே பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பெஞ்சைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. ஏழு தாய்மாரும் ஏழு பிள்ளைகளும் வரிசையாக இருந்தார்கள், கடைசியில் ஒரு பெண், மஞ்சள்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்து. இடது புருவத்தை இரண்டாக வெட்டின மாதிரி ஒரு தழும்பு. அஞ்சாம் வகுப்பில் பெஞ்சு முனையில் விழுந்து கிழித்துக்கொண்டது. ரத்தத்தை வடிவுதான் தன் பாவாடை நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிவரை ஓடினாள். அதெல்லாம் செய்தவள்தான் வடிவு. நல்லவள்தான். நல்லவள் இல்லாமல் என்ன? ஆபீஸில் யாருக்காவது வீட்டில் விசேஷம், துக்கம் என்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறவள். மாரிக்கனி தலை நிமிரவில்லை. தன்னைப் பார்த்துவிட்டுத்தான் நிமிரவில்லையா, பார்க்காமலே குனிந்திருக்கிறாளா? இதுவும் ஒரு இழவு. நாற்பது வருஷமாக அந்தப் பெண் எங்கே பார்த்தாள் என்பதிலேயே வடிவின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

"அஞ்சாவது பிள்ளையைக் கூப்பிடலாமா?" என்று ஜெபராஜ் கேட்டார். கூப்பிட்டார்கள். அஞ்சாவது பிள்ளை உட்கார்ந்தது, பேசியது. வடிவு தாளில் மதிப்பெண் போட்டாள், என்ன போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நாக்கில் ஒரு சில்லிப்பு. சிவப்பு ஐஸ், குச்சியோடு. அந்தக் காலத்தில் பெட்டியைச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு மத்தியானம் ஒருத்தன் வருவான். பழைய இரும்பு போட்டால் ஐஸ், காலி பாட்டில் போட்டால் ஐஸ், அரிசி போட்டாலும் ஐஸ். வீட்டில் இரும்பும் பாட்டிலும் இல்லை, அரிசி இருந்தது. ஒரு டிரம் நிறைய இருந்தது, ஆனால் வீட்டு அரிசி இல்லை. உலைக்கு அளக்கும்போது காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அள்ளித் தனியே வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாய், மாரிக்கனியின் அம்மா, சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய் அதை வாங்கிவந்து டிரம்மில் கொட்டுவாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் அப்பாவும் அம்மாவும் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்கு அந்த அரிசியில்தான் கஞ்சி, காய்ச்சுவதும் சண்முகத்தாய்தான். அந்த அரிசியில்தான் வடிவு கைவைத்தாள். முதல் நாள் பயந்துபயந்து ஒரு கை. பெரிய லீவு முழுக்கத் தினம் ஒரு உழக்கு. தனக்கு ஒன்று, கூட்டாளிக்கு ஒன்று. கூட்டாளி யாரு? மாரிக்கனி. ஐஸை உறிஞ்சிக்கொண்டே, "உங்க அம்மை தந்தாவளா, வடிவு?" என்று கேட்பாள். "ஆமா." "தெனமுமா?" "தெனமுந்தான். எங்க அம்மா அப்படித்தான்." பத்து வயதில் எவ்வளவு சரளமாகப் பொய் வந்தது. இப்போது அம்பதைத் தாண்டியும் தலையாட்டுவதற்கே மூச்சு வாங்குகிறது.

பத்து வயது. அதைத்தான் பிடித்துக்கொள்கிறாள், முங்குகிறபோதெல்லாம். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தவிர, யாரும் அவளைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? அப்பா ஒரு பார்வை பார்த்தால் போதும், போன ஜென்மத்து உண்மையும் கொட்டிவிடும். ஆனால் அப்பா பார்க்கவில்லை. டிரம்மில் அரிசி குறைகிறது, அதைத் தொடுகிறவள் சண்முகத்தாய் ஒருத்திதான் என்று பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் காலனி மொத்தமும் கூடியிருந்தது. சண்முகத்தாய் நடுவில். வடிவு கதவுக்குப் பின்னால், கதவுச் சந்தில் ஒரு கண். "நான் எடுக்கல சார். எம் பிள்ளை மேல சத்தியமா எடுக்கல." பிள்ளை பக்கத்திலேயே நின்றது, புருவத்தில் புதுத் தழும்போடு. சத்தியத்தைக் கேட்டதும் மாரிக்கனி தலையைத் திருப்பிப் பார்த்தாள். கதவைப் பார்த்தாளா? கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் தொங்கியது, அதைப் பார்த்தாளா? கதவு, காலண்டர், கதவு, காலண்டர். கல்யாணத்தன்றைக்குத் தாலி கட்டுகிறபோது இதுதான் ஓடியது, பிரசவ வலியில் இதுதான் ஓடியது. எவனோ ஒருத்தன் "போலீஸக் கூப்புடுங்க" என்று கத்தினான். அப்போதுதான் அப்பா எழுந்தார். கையைக் கூப்பினார். எடுத்தது நீ இல்லம்மா, உன் பசி. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டினார்களே! ஒருத்தி முகத்தில் கரியைப் பூசிவிட்டு, பூசின கை எவ்வளவு மெதுவாகப் பூசியது என்று கைதட்டினார்கள். மன்னிப்பதற்கு முன்னால் அவளைத் திருடியாக்கியாக வேண்டியிருந்தது, அந்தக் காரியத்தை அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். சண்முகத்தாய் கைதட்டவில்லை, அழவுமில்லை. "நான் எடுக்கல" என்று இன்னொரு தடவை சொன்னாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. வடிவுக்குக் கேட்டது. இப்போதும் கேட்கிறது, இதோ, இந்த மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவிலே.

டீ வந்தது. "குடிங்கம்மா, ஆறிரும்" என்றார் அண்ணாச்சி. "மொகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கே, படபடன்னு வருதா?" வெயில்தான் என்றாள். மே மாசம், வெயில் என்றால் யாரும் நம்புவார்கள். அப்பாவுக்குத் தெரியாது, அது நிச்சயம். அப்பா நம்பித்தான் பேசினார், அந்த மனிதருக்கு நடிக்க வராது. ஆனால் அம்மா? அம்மாவுக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அரிசி கொட்டினதும், அப்புறம் கஞ்சிக்கு அளக்கிறபோதெல்லாமும் டிரம்முக்குள் தலையை விட்டு, அரிசி நிற்கிற மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். டீச்சர் புத்தி, எதிலும் ஒரு கோடு வேண்டும். வடிவுக்கு அந்தக் கோடு தெரியும். எடுத்துவிட்டு, பழைய கோட்டை எச்சில் தொட்டு அழித்து, கீழே புதுசாக ஒன்று போட்டுவிடுவாள். எவ்வளவு கெட்டிக்காரி. ஆனால் வடிவு இடதுகைக்காரி. அம்மாவின் கோடு வலப்பக்கம் கொஞ்சம் இறங்கும், வடிவின் கோடு இடப்பக்கம் இறங்கும். கூட்டத்துக்கு முந்தின நாள் அம்மா டிரம்முக்குள் குனிந்தாள், குனிந்தவள் நிமிர வெகுநேரம் ஆயிற்று. நிமிர்ந்து வடிவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையால் கோட்டைத் துடைத்தாள். அவ்வளவுதான். மறுநாள் தாழ்வாரத்தில் அப்பா பக்கத்தில் நின்று, சண்முகத்தாய் மடியில் அரிசி போட்டாள். அதற்கு மறுநாளிலிருந்து டிரம் மூடியின்மேல் அம்மிக்குழவி உட்கார்ந்துவிட்டது, பத்து வயதுப் பிள்ளை தூக்க முடியாத குழவி. அதன்பிறகு அரிசி குறையவேயில்லை. "பாத்தியளா, அவ போனா, அரிசி குறையல" என்று காலனி பேசிக்கொண்டது. சண்முகத்தாய் எதிர்ப்படுகிறபோதெல்லாம் வாசலில் கிடந்த செம்பையும் வாளியையும் உள்ளே எடுத்து வைத்தார்கள். ஒரு மாசத்தில் அந்தக் குடும்பம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மாரிக்கனி ஆறாம் வகுப்புக்கு வரவில்லை. வகுப்பில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாள். அம்மா அடுத்த பாடம் எடுத்தாள்.

அம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். கடைசிக் காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். "வடிவு, அந்தச் சண்முகத்தாய்…" என்றாள். அம்மா வடிவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி தா" என்றாள். வடிவு தண்ணீர் கொடுத்தாள். சண்முகத்தாய்க்கு என்ன அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. கேட்கத் தெரியாமல் என்ன, கேட்கக்கூடாது என்று நன்றாகவே தெரிந்தது. பேசாமல் இருப்பதை அம்மாவிடம்தானே படித்தாள். காலனியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த டீச்சர், மகளுக்கு மட்டும் இந்தப் பாடம். சே, அம்மாவைப் போய். தினம் முப்பது பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றின கை, ஜுரத்தோடு வந்து பாடம் சொன்ன வாய். அதுவும் பொய்யில்லை, அதுதான் கஷ்டம். மலரில் இருக்கிற மற்ற பதினாறும் சத்தியமான சத்தியம். பதினேழாவதை மெய்ப்புப் பார்க்கிறபோது எடுத்திருக்கலாம். அச்சுக்குப் போவதற்கு முன்னால் தாளை அவளிடம்தான் கொண்டுவந்தார்கள். சிவப்புப் பேனாவை எடுத்தாள், வெகுநேரம் வைத்திருந்தாள். கடைசியில் சண்முகத்தாய் என்ற பெயரை அடித்துவிட்டு ஒரு பெண்மணி என்று எழுதினாள். "எவ்வளவு நாசூக்கு பாருங்க, சாரோட பொண்ணுல்ல!" என்று அண்ணாச்சி அன்றைக்கும் கண்ணாடியைக் கழற்றினார்.

ஆறாவது பிள்ளை எழுந்து வணக்கம் சொல்லிப் போயிற்று. அடுத்தது. அடுத்தது ஏழு. தலைவலி என்று எழுந்து போய்விடலாம். நான் இல்லாமல் நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் வீடு. இல்லை, இருந்து, அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். மதிப்பெண்ணும் இருப்பதிலேயே அதுதான் கூட. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒன்றும் சொல்லாமலே சரியாகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் முதல் கேள்வி? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால்? மாரிக்கனி எல்லாம் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறாளோ? இத்தனை வருஷம் கழித்துப் பிள்ளையை ஏவி, சபையில் வைத்துக் கேட்கவா? கேட்கட்டும். கேட்டால் நல்லதுதான். ஐயோ, கேட்கக் கூடாது. "அண்ணாச்சி, இந்தப் பிள்ளைட்ட அந்த முதல் கேள்வி வேண்டாமே, எல்லாரும் ஒண்ணையேதான் சொல்லுதாங்க" என்று வடிவு சொன்னாள். அண்ணாச்சி சிரித்தார். "அதெப்படிம்மா? அதானே நம்ம வழக்கம். சாரைப் பத்திக் கேக்காம சாரு பேர்ல எப்படிக் குடுக்க?" அதற்குள் பிள்ளை உள்ளே வந்துவிட்டது.

மெலிசான பிள்ளை. தோளில் ஊசி குத்தின துப்பட்டா, இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல். மாரிக்கனியின் புருவம், வெட்டு இல்லாமல். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தது. அண்ணாச்சி கேட்டார். வடிவு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பிடியரிசியில் கைவைத்த ஒரு பெண்மணியை…" என்று தர்ஷினி தொடங்கினாள். மற்ற பிள்ளைகள் ஒப்பித்தார்கள், இது மனமாரச் சொன்னது. அண்ணாச்சி கை கண்ணாடிக்குப் போயிற்று. "என்னைப் பொறுத்தவரை, ஐயா, தண்டிக்கிறது சுலபம், மன்னிக்கிறதுதான் கஷ்டம். அந்தப் பெண்மணி அதுக்கப்புறம் திருந்தி, நல்லபடியா வாழ்ந்திருப்பாங்க. வாழ்நாள் முழுக்க சாரையும் டீச்சரையும் நன்றியோட நெனச்சிருப்பாங்க." சொல்லிவிட்டு வடிவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், உங்கள் அப்பா அம்மாவைப் பற்றித்தான் சொல்கிறேன் என்பதுபோல. இதற்குத் தெரியாது. இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. வடிவுக்கு ஒரு நொடி மூச்சு வந்தது, தப்பித்தோம் என்று. அந்த மூச்சு பாதியில் இருக்கும்போதே ஜெபராஜ், "பிரமாதம். பதினேழு சம்பவத்துல இதை நீயே தேர்ந்தெடுத்தியாம்மா?" என்று கேட்டார். "இல்ல ஐயா. எங்க அம்மாதான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், புக்கை முழுக்க வாசிச்சுட்டு, இதையே சொல்லு, அவங்களுக்கு இதுதான் பிடிக்கும்னாங்க. ராத்திரியும் பகலும் சொல்ல வச்சாங்க."

வடிவு ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மாரிக்கனி வாசித்திருக்கிறாள். ஒரு பெண்மணி என்ற இடத்தில் யார் என்று தெரிந்தே வாசித்திருக்கிறாள். பீடி இலை வெட்டிக்கொண்டே, பிள்ளையை எதிரே உட்கார வைத்து, எங்கே திரும்பச் சொல்லு, எடுத்தது நீ இல்லை அம்மா உன் பசி, இன்னும் உருக்கமாச் சொல்லு என்று சொல்லியிருக்கிறாள். பெற்ற தாயின் தலைகுனிவைத் தன் பிள்ளை வாயால் சொல்லவைத்து, அதைக் காட்டி ஒரு படிப்பு வாங்க வந்து, வெளியே பெஞ்சில் மஞ்சள்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேள்வி கேட்க வரவில்லை, பழி தீர்க்க வரவில்லை. வடிவுக்கு எது பிடிக்குமோ அதைக் கொண்டுவந்திருக்கிறாள். இதற்கு அவள் வந்து முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். வாந்தி வருகிறது என்று வாயைப் பொத்தக் கையைக்கூடத் தூக்கினாள். வார்த்தையாக வந்துவிட்டது.

"சண்முகத்தாய் எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"அந்த அரிசியை. லீவு பூரா நான்தான் எடுத்து ஐஸ்காரனுக்குப் போட்டேன். அம்மாவுக்குத் தெரியும். சண்முகத்தாய் ஒரு மணி அரிசிகூட எடுக்கல."

இத்தனை வருஷத்து மூட்டை, இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தாள். கூரை அப்படியே இருந்தது. அண்ணாச்சி அவளையும் சுவரில் இருந்த படத்தையும் மாறிமாறிப் பார்த்தார், பிறகு மெல்லச் சிரித்தார். "இதுக்காம்மா இப்படி வேர்த்து வழியுது? சின்னப்புள்ளைல ஐஸு வாங்கித் தின்னது ஒரு குத்தமா? விடுங்க." ஜெபராஜ் ஒரு படி மேலே போய்விட்டார். "இந்த வயசுல இதை வெளியில சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! சாரோட ரத்தம் பேசுது அண்ணாச்சி." அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அவளை மன்னித்துவிட்டார்கள். மன்னித்தது மட்டுமா, தட்டிக்கொடுக்கிறார்கள். சத்தியம் பண்ணச் சொல்லவில்லை, தாழ்வாரத்தில் நிறுத்தவில்லை. இவ்வளவு சுலபமா இது? நாற்பது வருஷம் இதற்கா பயந்தாள்? வடிவுக்குத் தன்மேலும் அவர்கள்மேலும் ஒரே அருவருப்பாக வந்தது.

தர்ஷினி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். "சண்முகத்தாயா? எங்க ஆச்சி பேரும் அதான், மேடம்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

அண்ணாச்சி முகமும் அப்போதுதான் மாறியது. ஃபைலை இழுத்துப் பார்த்தார். நாற்காலியை ஜெபராஜ் பக்கம் நகர்த்திக்கொண்டார். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், தாழ்த்தினதெல்லாம் நன்றாகவே கேட்டது. பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளைதான், சந்தேகமில்லை. ஆனா இப்பம் குடுத்தா, அந்தச் சண்முகத்தாய் பேத்திக்கு ஏன் குடுத்தாங்கன்னு நாலு பேர் கேப்பான். கேட்டா இந்தக் கதை வெளிய வரும். சாரு பேரு, டீச்சர் பேரு என்ன ஆகும்? பள்ளிக்கூடத்து நூறாம் ஆண்டு விழா வேற வருது. இந்த வருஷம் அந்த நாலாவது பிள்ளைக்குக் குடுத்துட்டு, இதை அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம். இந்த விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு தர்ஷினியிடம், "நீ வெளிய இரும்மா, சொல்லி அனுப்புதோம்" என்றார், ரொம்ப அன்பாக. நான் சொன்னதாலா? சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும். மாரிக்கனி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு பொத்திப்பொத்திக் கொண்டுவந்ததை, மனசு பொறுக்கவில்லை என்று ஒரே நிமிஷத்தில் போட்டு உடைத்தாயிற்று. அன்றைக்குப் பேசாமல் கெடுத்தாள், இன்றைக்குப் பேசிக் கெடுத்தாள்.

பிள்ளை நகரவில்லை. வாசல் பக்கம் பார்த்து, "அம்மா, அது ஆச்சியா?" என்று கேட்டாள். வாசலில் மாரிக்கனி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணாச்சி, "வாம்மா, உக்காரு, உக்காந்து பேசுவோம்" என்றார். அவள் உட்காரவில்லை, அவரைப் பார்க்கவுமில்லை. நேரே வடிவின் முன்னால் வந்து நின்று பார்த்தாள். இந்தத் தடவை எங்கே பார்க்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை.

"மாரி, நான்…" என்று வடிவு தொடங்கினாள்.

"எனக்குத் தெரியும்."

"அன்னைக்கேவா?"

"நானும் சேந்துதான தின்னேன்" என்றாள் மாரிக்கனி. "எங்க அம்மைட்டச் சொன்னேன். சாரு வீட்டுப் பிள்ளையைச் சொன்னா எவன் நம்புவான், வாய மூடுன்னுட்டா. அவ போயி ஒம்பது வருசமாச்சு. நீ இப்பம் சொல்லி அவளுக்கு ஒண்ணும் ஆவப் போறதில்ல." குரலில் கோபம்கூட இல்லை, சந்தையில் நேரமாகிவிட்டவள் பேச்சு. "எம் பிள்ளைக்குக் கெடைக்குமா, கெடைக்காதா? அத மட்டும் சொல்லு, வடிவு."

ஜெபராஜ், "அது வந்தும்மா, கமிட்டி முடிவு…" என்று ஆரம்பித்தார். வடிவு அவர் பேச்சை வெட்டினாள். "கிடைக்கும்" என்றாள். "இந்தப் பிள்ளைக்கு இல்லேன்னா இந்த வருஷம் யாருக்கும் இல்ல. நான் ஒத்துக்க மாட்டேன். எதுக்குன்னு கேட்டு வர்றவங்க எல்லாருக்கும் காரணத்தையும் நானே சொல்லுவேன், அண்ணாச்சி."

"அப்பம் எழுது" என்றாள் மாரிக்கனி. "மத்ததப் பெறவு பேசிக்கிடலாம்."

வடிவு தாளை இழுத்தாள். செ. தர்ஷினி என்ற பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். மாரிக்கனி மேசையை ஒட்டி, போட்டு முடிக்கிறவரை அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். முடித்ததும் தாளைத் தன் கையாலேயே எடுத்து அண்ணாச்சி முன்னால் வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி நின்றாள்.